வேலி தாண்டிய முந்திரிகை

அந்தச் சத்தம் கேட்டபோது நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். துவக்கு வெடித்தது போல முதலில் ஒன்று. பிறகு ஏதோ நீளமாகக் கிழிபடும் ஓசை. அதன் பிறகு நிலம் அதிர்ந்தது. அலுமாரிக்குள் தேத்தண்ணிக் கோப்பைகள் கிணுகிணுத்தன.

பின்கதவைத் திறந்து பார்த்தால் வளவைக் காணவில்லை. பச்சை மட்டும்தான் இருந்தது.

எங்கள் பின்வேலிக்கு அப்பால் ஓர் ஓடை. அதன் இரு கரையிலும் நகரசபைக்குச் சொந்தமான சிறு காடு. அங்கே வேலியோரமாக நின்ற பெரிய யூகலிப்டஸ் மரத்தின் தடித்த கிளையொன்று முறிந்து எங்கள் பக்கம் விழுந்திருந்தது. கிளை தனியாக வரவில்லை. மரத்தைப் போர்த்து மூடியிருந்த கொடி முழுவதையும் உரித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தது. காலையில் தோய்த்துக் காயப்போட்ட உடுப்புகள் எல்லாம் அதற்குக் கீழே. கொடிக்கு மேல் கொடி. உடுப்புக்கொடியின் இரும்புக் கம்பம் வளைந்து கும்பிட்டபடி நின்றது. என் நீல நூல்சேலையின் முந்தானை மட்டும் இலைகளுக்கு வெளியே தெரிந்தது.

அந்தச் சேலையை விரித்துப்போட்டுவிட்டு நான் உள்ளே வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த வீட்டுச் சால்வு வேலிப் படலையைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து கொடியின் ஒரு நுனியைத் தூக்கி உள்ளங்கையில் வைத்துத் தடவினார்.

"பாத்தியா பிள்ளை, என்ன செழிப்பு!"

பின்னால் ஓடிவந்த அவர் மனைவி கார்மெனா, கையிலிருந்த துடைக்கும் துணியால் அவர் முதுகில் ஓங்கி ஒன்று போட்டார்.

"அந்தப் பிள்ளை செத்திருப்பாள். நீ செழிப்புப் பாக்கிறாய்!"

அடுத்த வீடு

ஆஸ்திரேலியாவில், வென்ட்வேர்த்வில்லில் நாங்கள் வீடு வாங்கிய கதையைச் சென்ற வாரம் சொன்னேன். இது அந்த வீட்டில் எங்களுக்கு வந்த முதல் கோடை. எழுபதுகளின் நடுப்பகுதி.

இன்றைக்கு அந்த ஊர் ரயில் நிலையத்தில் இறங்கினால் கொத்துரொட்டிச் சத்தமும் கறித்தூள் வாசமும் வரவேற்கும். அப்போது ஒரு மரக்கறிக் கடை, ஓர் இறைச்சிக் கடை, ஒரு தபால் கந்தோர். பச்சை மிளகாய் வேண்டுமென்றால் நாங்களே முளைக்கவைத்தால்தான் உண்டு. என் கணவர் குணம் செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் கீறும் வேலை செய்தார். விடியப் போனால் பொழுதுபட வருவார். பகல் முழுக்க நானும் அந்த ஓடையும்தான்.

சால்வுவும் கார்மெனாவும் மால்ட்டாத் தீவிலிருந்து வந்தவர்கள். எங்களுக்கு இருபது வருடம் முந்தி வந்து, ரயில்வேப் பட்டறையில் உழைத்து, அந்த வீட்டைத் தாங்களே கட்டினவர்கள். நாங்கள் குடிபுகுந்த அன்று கார்மெனா தான் சுட்ட ஒரு பாணும் ஒரு கிண்ணம் உப்பும் கொண்டுவந்து வாசலில் வைத்தார். "உப்பு இல்லாத வீட்டில் படுக்கக்கூடாது" என்றார். அந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதி அவர்தான். என் அம்மாவின் வயது, ஆனால் அம்மா மாதிரி இல்லை. என்னோடு சேர்ந்து பகிடி விடுவார்.

அவர்கள் பேசியது மால்ட்டா வாடை அடிக்கும் ஆங்கிலம். நான் பேசியது யாழ்ப்பாண வாடை அடிக்கும் ஆங்கிலம். இத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல்கள் என் நினைவில் தமிழாகத்தான் கேட்கின்றன. அப்படியே எழுதுகிறேன்.

சால்வு வீடு கட்டிய கையோடு பின்வேலியில் ஒரு கறுத்த முந்திரிகை நட்டாராம். கூடை கூடையாகக் காய்த்ததாம். சில வருடங்களுக்கு முன் குப்பை எரித்த நெருப்பு வேலியில் பற்றி, கொடி அடியோடு கருகிப்போனது. அடுத்த வசந்தத்தில் அடிக்கட்டையிலிருந்து புதிதாகத் துளிர்த்தது. முன்னையைவிடப் பல மடங்கு வேகத்தில் ஓடியது. வேலியைத் தாண்டியது, காட்டுக்குள் இறங்கியது, யூகலிப்டஸ் மரங்களின் உச்சி வரை போய் அவற்றைப் போர்த்தது. ஆனால் ஒரு பழம்கூடத் தரவில்லை.

"களைச்சுப் போய் நிக்குது. வாற வருசம் தரும்" என்று சால்வு ஒவ்வொரு வருடமும் சொல்வார். சொல்லிக்கொண்டே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்.

முந்திரியா, முந்திரிகையா

இந்த இடத்தில் தமிழ்நாட்டு வாசகர்கள் புருவத்தை உயர்த்துவது எனக்குத் தெரிகிறது. பரமட்டாவில் இருந்த என் சிநேகிதி பத்மா திருச்சிக்காரி. மரம் விழுந்த கதையைத் தொலைபேசியில் சொன்னபோது அவளும் குழம்பினாள்.

"அக்கா, முந்திரின்னா மரத்துலல்ல காய்க்கும்? கொடின்னு சொல்றீங்க?"

"அது மரமுந்திரிகை. நாங்கள் கஜு எண்டு சொல்லுறது. நான் சொல்லுறது முந்திரிகைப் பழம். வைன் செய்யிற பழம்."

"அய்யோ, திராட்சையா! அதை மொதல்ல சொல்ல வேண்டாமா? நான் பாயசத்துல போடறதுன்னு நெனச்சுட்டேன்."

"பாயசத்திலை ரெண்டும்தானே போடுறது" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் தொலைபேசி இரைந்தது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் முந்திரிகைத் தோட்டங்கள் இருந்தன. என் தமையனும் கொஞ்சக் காலம் போட்டார். பந்தல் போட்டு, கிளை வெட்டி, மருந்தடித்து, காய் பிடிக்கும்வரை வீட்டில் ஒருவரும் அவரோடு கதைக்க முடியாது. அதனால் கொடியை எனக்குக் கொஞ்சம் தெரியும். இலைக்கு எதிர்ப்பக்கத்தில் பற்றுச்சுருள் வரும், பிரண்டையைப் போல. முற்றிய தண்டில் பட்டை தும்பு தும்பாக உரியும். சால்வுவின் கொடியில் இரண்டுமே இருந்தன. முந்திரிகைதான், சந்தேகமில்லை. ஆனாலும் இலை ஏதோ போல இருந்தது. அகன்று, பளபளப்பாக, விளிம்பெல்லாம் வாள்பல். எங்கள் ஊர் இலை அப்படி இராது.

ஆஸ்திரேலியா என்றால் இலையும் பெரிதாகத்தான் இருக்கும் என்று அப்போது விட்டுவிட்டேன்.

நகரசபையின் கீத்

விழுந்த கிளையை வெட்டி அகற்ற நகரசபையிலிருந்து கீத் என்பவர் வந்தார். பூங்காப் பகுதிக்குப் பொறுப்பானவர். அரைக்கால்சட்டை, முழங்கால்வரை காலுறை, எதற்கும் அவசரப்படாத மனிதர். வேலை முடிந்ததும் எங்கள் படியில் உட்கார்ந்து இஞ்சித் தேத்தண்ணி குடித்தார்.

"கிளையிலை பிழையில்லை. கொடிதான் பாரம்" என்றார். "மழை பெய்தால் அந்த இலையெல்லாம் தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்கும். கீழே வெளிச்சமும் இல்லை, மரம் மூச்சு முட்டிச் சாகுது. இன்னும் நாலைஞ்சு மரம் இதே நிலைமை."

"அப்ப என்ன செய்யப் போறீங்கள்?"

"மேலிடத்திலை சொல்லிப்போட்டினம். வசந்தத்துக்கு முதல் புல்டோசர் விட்டு முழுக்கத் துப்புரவாக்கி, புல் விதைக்கிறது. அதுதான் சுகம்."

முழுக்க என்றால் முழுக்க. யூகலிப்டஸ், ஓடையோரத்துச் சவுக்குகள், கீழே நிழலில் விரிந்த பன்னச் செடிகள், எல்லாம். குணம் வேலைக்குப் போனபின் நான் தினமும் நடக்கிற ஒற்றையடிப் பாதையும் அதற்குள்தான். ஊர்விட்டு வந்த அந்த வெறும் பகல்களை நான் கழித்தது அங்கேதான்.

"கொடியை மட்டும் வெட்டினால்?"

கீத் என்னை ஒருமுறை பார்த்தார். "ஆர் வெட்டுறது? எனக்கு இருக்கிறது ரெண்டு ஆள். பிறகு, வேர் அங்காலை இருக்கு" என்று சால்வு வளவைக் காட்டினார். "அந்த மனிசன் விடாது. நான் ரெண்டு தரம் கேட்டுப் பார்த்தனான்."

"நான் கேட்டுப் பாக்கிறன்" என்றேன். எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ தெரியாது.

"வசந்தத்துக்குள்ளை கொடி விழுந்தால் நானும் மேலிடத்திலை பேசிப் பாக்கலாம்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டார்.

அன்றிரவு சோறு போடும்போது குணத்திடம் சொன்னேன்.

"உமக்கேன் தேவையில்லாத வேலை? அயலுக்குள்ளை சண்டை, கொழுவல் எண்டு வரப்போகுது" என்றார். அவர் சொன்னது பிழையில்லை.

ஒரு கிண்ணம் பழம்

கோடை முடிகிற நேரம். ஒரு மத்தியானம் கார்மெனா ஒரு சிறு கிண்ணத்தைத் துணியால் மூடிக்கொண்டு வந்தார். உள்ளே கறுத்த முந்திரிகைப் பழம். சின்னச் சின்னப் பழங்கள், மேலே நீறு பூசினது போல ஒரு மங்கல். வாயில் போட்டால் தோல் தடிப்பாக வெடித்து, உள்ளே தேன்.

"எந்தக் கடையிலை?"

"அங்கை, ஸ்டேசனடியிலை" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அந்தக் கடையை எனக்கு நன்றாகத் தெரியும். அங்கே இப்படிப் பழம் வந்ததே இல்லை. குலையின் காம்பில் ஓர் இலை ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஐந்து விரல்போல ஆழமாகப் பிளந்த இலை. பின்பக்கம் வெள்ளைப் பஞ்சு. எழுந்து போய் வேலியில் தொங்கிய சால்வுவின் கொடியிலிருந்து ஓர் இலை பிடுங்கிவந்து பக்கத்தில் வைத்தேன். அகலம், பளபளப்பு, வாள்பல், பின்பக்கம் மொட்டை. இரண்டும் ஒரே கொடியின் இலைகளாக இருக்க வழியில்லை.

நான் கார்மெனாவைப் பார்த்தேன். அவர் உதட்டில் விரலை வைத்தார். "அவருக்குச் சொல்லாதை, பிள்ளை."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஆனால் இலைகள் என்னை விடவில்லை. பரமட்டா நூலகத்துக்குப் போய்த் தோட்டக்கலைப் புத்தகங்களைப் புரட்டினேன். விடை அங்கே இருந்தது. இந்த நாட்டில் முந்திரிகையின் வேரைத் தின்னும் ஒரு பூச்சி உண்டு. அதற்குத் தப்பவைக்க, அமெரிக்கக் காட்டு முந்திரிகையின் வேரில் நல்ல முந்திரிகையின் தண்டை ஒட்டுக் கட்டி விற்பார்களாம். மேல் பாகம் செத்தால் அடிவேர் தன் குணத்தைக் காட்டும். காடாக ஓடும், காய்க்காது, காய்த்தாலும் மிளகளவில் புளிப்புக் காய்தான்.

நெருப்பில் எரிந்தது சால்வுவின் முந்திரிகை. வளர்ந்தது கீழே இருந்த காட்டுக்கொடி.

கொழுவல்

மறுநாளே போய்ச் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். வேலியடியில் வாளியோடு நின்ற சால்வு கடைசிவரை கேட்டார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது.

"அப்ப இவ்வளவு நாளும் நான் தண்ணி வாத்தது ஆரோ பெத்த பிள்ளைக்கு எண்டு சொல்லுறாய்?"

"அப்பிடி இல்லை, சால்வு..."

"நேத்து வந்தனீ. என்ர கொடியைப் பற்றி எனக்குப் படிப்பிக்கிறாய். உன்னை அந்த நகரசபைக்காரன் அனுப்பினவனோ?"

வாளியை அப்படியே கவிழ்த்துவிட்டு உள்ளே போனார். அன்று பின்னேரம் வேலிப் படலையில் ஒரு சங்கிலி தொங்கியது.

அந்தச் சில வாரங்கள் மிகவும் கனத்தன. கார்மெனா துணி காயப்போட வரும்போது கையை ஆட்டுவார், கிட்ட வரமாட்டார். சால்வு என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புவார். கார்மெனா தந்த அந்த ஒரு கிண்ணம் பழத்தைப் பற்றி நான் வாய் திறந்தால் என் கட்சி வென்றுவிடும். ஆனால் அது என் இரகசியம் இல்லையே. குணம் "நான் அப்பவே சொன்னனான்" என்று ஒருமுறைதான் சொன்னார். அதற்கு அவருக்கு நன்றி சொல்லவேண்டும். இரண்டாம் முறை சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன்.

ஏணி

ஒரு சனிக்கிழமை காலை. இலையுதிர்காலத்து இளவெயில். நானும் குணமும் வளவில் வெண்டிப் பாத்தி கொத்திக்கொண்டிருந்தோம். காட்டுப்பக்கமிருந்து கார்மெனாவின் அலறல்.

ஓடினோம். சங்கிலி போட்ட படலையைக் குணம் தாண்டிக் குதித்தார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால்.

பெரிய யூகலிப்டஸில் ஏணி சாய்த்து வைத்துச் சால்வு ஏறியிருக்கிறார். ஏணி சறுக்கி விழுந்துவிட்டது. மனிதர் கூரை உயரத்தில் கொடிக்குள் சிக்கித் தொங்குகிறார். ஒரு கை கிளையில். மற்றக் கை, ஒரு கால், காற்சட்டை வார் எல்லாம் கொடியின் பிடியில். கொடி இருந்தபடியால் விழவில்லை. கொடி இருந்தபடியால் இறங்கவும் முடியவில்லை.

"என்ன தேடிப் போனனீங்கள்?" என்று குணம் ஏணியை நிமிர்த்தியபடி கத்தினார்.

"உச்சியிலை காய்ச்சிருக்கும்!" என்று மேலேயிருந்து பதில் வந்தது. "வெயில் அங்கைதானே படுது! உன்ர மனிசிக்குக் காட்ட வேணும்!"

அப்போதுதான் கார்மெனா வெடித்தார்.

"உச்சியிலை ஒண்டும் இல்லை, விசரா! உன்ர முந்திரிகை கோழிக்கூட்டுக்குப் பின்னாலை கிடக்குது! வருசம் வருசம் காய்க்குது! நான்தான் திண்டனான்! எல்லாத்தையும் நான்தான் திண்டனான்!"

பிறகு குணம் ஏணியில் ஏறிச் சால்வுவின் காலை ஒவ்வொரு படியாக வைத்து இறக்கினார். கன்னத்தில் கீறல், தலையில் இலைச் சருகு. சால்வு அப்படியே கார்மெனாவின் பின்னால் கோழிக்கூட்டை நோக்கி நடந்தார். நாங்களும் போனோம்.

கூட்டுக்கும் மதிலுக்கும் இடையில் ஓர் ஆள் நுழையும் இடுக்கு. நெருப்புக்கு முன் எப்போதோ ஒரு கிளை அந்தப் பக்கம் ஓடி, எருக் குவியலுக்குள் புதைந்து, தானாக வேர்விட்டிருக்கிறது. இடுப்பளவு உயரம்கூட இல்லை. பஞ்சுப் பின்பக்கம் உள்ள ஐவிரல் இலைகள், மஞ்சளாகி உதிரத் தொடங்கியிருந்தன.

சால்வு ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"ஏன் சொல்லேல்லை?"

கார்மெனா முகத்தைத் துடைத்தார். "சொன்னால் வைன் வடிப்பாய். வைன் வடிச்சால் குடிப்பாய். அந்த நத்தாருக்கு, கிறிஸ்மஸ் எண்டும் பாராமல், நீ குடிச்சிட்டு தெரேசாவை மேசையிலை இருந்து எழுப்பிக் கலைச்சது ஞாபகம் இருக்கா? அவள் மெல்பேர்னுக்குப் போனவள், திரும்பி வரேல்லை. கொடி எரிஞ்சபோது நான் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினனான்."

தெரேசா அவர்களின் ஒரே மகள். அவளைப் பற்றி அதுவரை அந்த வீட்டில் ஒரு சொல் நான் கேட்டதில்லை. படம் மட்டும் சுவரில் இருந்தது.

நானும் குணமும் மெல்ல விலகி வந்துவிட்டோம். குணம் போகிற போக்கில் படலையின் சங்கிலியைக் கழற்றி வேலியில் கொழுவினார்.

எதை வெட்டுவது, எதை விடுவது

இரண்டு நாள் கழித்துச் சால்வு மண் கிண்டும் அலவாங்கோடு வந்தார்.

"வா பிள்ளை. நீ சொன்ன ஒட்டு எங்கை எண்டு காட்டு."

அவருடைய அடிக்கட்டையைச் சுற்றி மண்ணை விலக்கினோம். கருகிய கட்டையில் முழங்கால்முட்டி போல ஒரு வீக்கம். அதுதான் ஒட்டுக் கட்டிய இடம். அதற்கு மேலே கரி. காட்டுக்குள் ஓடிய அத்தனை தண்டுகளும் வீக்கத்துக்குக் கீழேயிருந்து கிளம்பியிருந்தன. சால்வு விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார்.

"ஓம்" என்று ஒத்துக்கொண்டார் கடைசியில். அவ்வளவுதான். முதல் தண்டை அவரே அரிந்தார்.

கீத்துக்குச் சொல்லியனுப்பினேன். ஒரு தகரத்தில் களைக்கொல்லி மருந்தும் தூரிகையும் கொண்டுவந்தார். வெட்டும் முறையையும் காட்டினார். நெஞ்சளவில் ஒரு வெட்டு, நிலத்தோடு ஒரு வெட்டு. அடியிலுள்ள பச்சைக் காயத்தில் உடனே மருந்து பூசவேண்டும். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பூசினால் காயம் மூடிவிடும், மருந்து வேலை செய்யாது. மேலே மரத்தில் இருப்பதைத் தொடக்கூடாது. அது தானாகக் காய்ந்து தானாக விழும். குணம் அவசரப்பட்டு ஒன்றை இழுத்தார். பட்ட கிளையொன்று அவர் சப்பாத்துக் காலுக்குப் பக்கத்தில் வந்து குத்தி நின்றது. அதன் பிறகு ஒருவரும் எதையும் இழுக்கவில்லை.

கீத் சொன்ன இன்னொன்றுதான் என்னைத் திகைக்கவைத்தது. காட்டில் ஒரு கொடியல்ல, மூன்று.

முதலாவது ஊதாப்பூக் கொடி. அதற்குப் பற்றுச்சுருளே கிடையாது. தண்டே மரத்தைச் சுற்றிச் சுற்றி ஏறும். அது வந்தேறி, பிடுங்கலாம். சால்வுவின் ஓடுகாலிக் காட்டுக்கொடி இரண்டாவது. மூன்றாவதும் முந்திரிகையைப் போலவே இலைக்கு எதிரே சுருள் விட்டிருந்தது. ஆனால் ஒரு காம்பில் ஐந்து சிற்றிலைகள், பின்பக்கம் நீலச் சாம்பல், பட்டை உரியவில்லை.

"இது இந்த மண்ணின்ர முந்திரிகை" என்றார் கீத். "காலாகாலமாக இஞ்சை இருக்குது. மரத்தைக் கொல்லாது. இதின்ர பழத்துக்குக் குருவிகள் வரும். இதை வெட்டினீங்களோ, நான் புல்டோசரைக் கொண்டுவருவன்."

வெட்டுகிற வேகத்தில் எது எதென்று தடுமாறும். என் நீல நூல்சேலை கிளை விழுந்த அன்றே கிழிந்திருந்தது. அதை நாடா நாடாவாகக் கிழித்து, வைத்திருக்கவேண்டிய கொடிகளில் கட்டினேன். காடு ஏதோ நேர்த்திக்கடன் வைத்த கோயில் மரம் போலாயிற்று. குளிர்காலம் வந்ததும் வேலை சுலபமானது. ஓடுகாலி இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்றது. மண்ணின் முந்திரிகை பச்சையாகவே இருந்தது. மொட்டைத் தண்டு, தும்புப் பட்டை, அதை அரி. கண்ணை மூடிக்கொண்டும் செய்யலாம்.

சனிக்கிழமைகளில் நால்வரும் இறங்குவோம். சால்வு அரிவார், நான் மருந்து பூசுவேன், நிலத்தில் படர்ந்து வேர்விட்ட முடிச்சுகளைக் குணமும் கார்மெனாவும் கிண்டி எடுப்பார்கள். மத்தியானம் கார்மெனாவின் பாணும் என் கத்தரிக்காய்ப் பொரியலும். ஒரு தடித்த தண்டை மட்டும் தள்ளித் தள்ளிப்போட்டுக் குளிர் முடிகிற நேரத்தில் அரிந்தோம். வெட்டு வாயிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. நிற்கவே இல்லை. பூசிய மருந்தையெல்லாம் கழுவிக்கொண்டு போனது.

"கண்ணீர் விட்டு அழுகுது" என்றார் சால்வு.

"அழட்டும்" என்றார் கார்மெனா. "நான் அழேல்லையோ?"

அந்த ஒன்றை மறுவருடம் இலையுதிர்காலத்தில் திரும்ப வெட்டவேண்டி வந்தது.

கீழே வந்த வெளிச்சம்

வசந்தத்தில் கீத் வந்து காடு முழுக்க நடந்தார். புல்டோசர் வரவில்லை, அதுதான் அவர் பதில். காய்ந்த கொடிகள் உச்சியில் சரசரத்தபடி தொங்கின. அவற்றின் நடுவே யூகலிப்டஸ்கள் இளஞ்சிவப்பாகத் துளிர்த்தன. எத்தனையோ வருடம் இருட்டாகக் கிடந்த நிலத்தில் வெயில் வட்டம் வட்டமாக விழுந்தது. அங்கேயெல்லாம் யாரும் விதைக்காத செடிகள் முளைத்தன. பெரும்பாலான மரங்கள் பிழைத்தன. ஒன்றிரண்டு பிழைக்கவில்லை. முளைத்து வருகிற ஓடுகாலிகளைப் பிடுங்க நாங்கள் வருடா வருடம் இறங்கினோம். பிறகு அது வேலையாகத் தெரியவில்லை.

கோழிக்கூட்டுக் கொடியிலிருந்து சால்வு குளிர்காலத்தில் தடிகள் வெட்டி மண்ணில் ஊன்றினார். இந்த முறை ஒட்டு இல்லை. "பூச்சி வந்தால் வரட்டும், இது என்ர சொந்தப் பிள்ளை" என்றார். கார்மெனா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். சாப்பிட மட்டும். வடிக்கக்கூடாது. சால்வு தலையாட்டினார். அவர் அதை மீறியதாக நான் கேள்விப்படவில்லை. மூன்றாம் கோடையில் குலைகள் வந்தபோது கூடையைக் கொண்டுபோய்க் கார்மெனாவின் குசினி மேசையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தாராம்.

ஒரு போத்தலை மட்டும் வடிக்க விட்டது கார்மெனாதான். காரணத்தை எனக்கும் சொல்லவில்லை. அவரே தொட்டிக்குள் இறங்கிப் பழத்தை மிதித்தார்.

அந்த வருட நத்தாருக்குத் தெரேசா மெல்பேர்னிலிருந்து ரயிலில் வந்தாள். கார்மெனா அவளுக்கு ஏற்கெனவே எழுதியிருக்கிறார். எங்களையும் மேசைக்குக் கூப்பிட்டார்கள். தெரேசா நிமிர்ந்த, பேச்சுக் குறைந்த பெண். தகப்பனுக்கு நேர் எதிரே இருந்தாள். சால்வு எல்லாருடைய கிளாசிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். தன் கிளாசைக் கவிழ்த்து வைத்தார். யாரும் கிளாசைத் தொடவில்லை. குணம் மேசைவிரிப்பின் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெரேசா கையை நீட்டி, அவருடைய கிளாசை நிமிர்த்தி, தன்னுடையதிலிருந்து பாதியை அதில் ஊற்றினாள்.

சால்வு எடுத்து ஒரு வாய் வைத்தார். முகம் கோணியது. விழுங்க முடியாமல் விழுங்கினார்.

"இது வைன் இல்லை" என்றார். "வினாகிரி. ஒரே புளிப்பு."

"நல்லதாப் போச்சு" என்றார் கார்மெனா. "சலாட்டுக்கு விடுறன்."

முதலில் சிரித்தது தெரேசாதான். பிறகு சால்வுவுக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது. தெரேசா எழுந்து போய் அவர் முதுகில் தட்டினாள். தட்டிய கையை அப்படியே அங்கே வைத்திருந்தாள்.

அவர்கள் வீட்டில் அப்போது தொலைபேசி இல்லை. மறுநாள் காலை தெரேசா எங்கள் வாசலில் வந்து நின்றாள். மெல்பேர்ன் ரயில் டிக்கெட்டை அடுத்த வாரத்துக்கு மாற்ற முடியுமா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கவேண்டுமாம்.